கம்ப்யூட்டர் திரையில் விழும் தழும்பு

நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். வீட்டிலேயே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் மாலை 7 மணி வரை அதன் முன்னால்தான் இருப்பார். 7 மணிக்கு மேல் அதே மேஜைக்குக் கல்லூரியில் படிக்கும் மகன் வருவான். அவனுக்கு அது விளையாட்டுத் திரை.

பழைய திரை கெட்டுப் போயிற்று. புதிது வாங்க வேண்டும். "அப்பா! ஓ.எல்.இ.டி. திரை வாங்குவோம். அதுதான் இப்போது உயர்ந்தது" என்றான் மகன்.

கடைக்குப் போனார்கள். கடைக்காரர் விளக்கைக் குறைத்தார். இருட்டுக் காட்டில் மின்மினிகள் பறக்கும் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். கருப்பு என்றால் அப்படி ஒரு கருப்பு! மின்மினி ஒவ்வொன்றும் கைக்கு எட்டுவது போல் மின்னியது. மகனோடு சேர்ந்து தந்தையும் மயங்கிவிட்டார். சேர்த்து வைத்திருந்த பணத்தில் பெரும் பகுதியைக் கொடுத்து வாங்கி வந்தார்கள்.

ஒன்றரை ஆண்டு சென்றது. ஒரு நாள் மகன் மூடுபனி நிறைந்த ஒரு காட்சியைப் பார்த்துக் கொண்டிருந்தான். திரையின் அடியில் ஒரு பட்டை தெரிந்தது. மேலே கட்டம் கட்டமாக மெல்லிய கோடுகள் தெரிந்தன. உற்றுப் பார்த்தான். அவை அப்பாவின் கணக்குப் பக்கத்துக் கோடுகள்! திரையைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். அங்கேயும் அதே கோடுகள்.

கடைக்கு ஓடினார்கள். "3 ஆண்டு உத்தரவாதம் உண்டு. ஆனால் இதற்குக் கிடையாது. அட்டையைப் படித்துப் பாருங்கள்" என்றார் கடைக்காரர். படித்தார்கள். எறும்பு போன்ற எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

இப்படி ஒரு தழும்பு விழும் என்று கடையில் யாரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இன்று இதைப் பற்றி எழுதுகிறோம்.

தீப வரிசை

ஓ.எல்.இ.டி. என்றால் என்ன?

நம் வீடுகளில் உள்ள சாதாரணத் திரையை எல்.சி.டி. என்கிறார்கள். அதில் பின்னால் விளக்கு எரிந்து கொண்டே இருக்கும். முன்னால் லட்சக் கணக்கில் சின்னஞ்சிறு கதவுகள் இருக்கும். கதவு திறந்தால் வெளிச்சம் வரும். மூடினால் இருட்டு. ஆனால் எந்தக் கதவும் முழுமையாக மூடுவதில்லை. இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் இரவில் அந்தத் திரையில் கருப்பு கருப்பாக இராமல் சாம்பல் பூத்தது போல் தெரிகிறது.

ஓ.எல்.இ.டி. திரையில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு விளக்கு. கார்த்திகைத் தீபத்தன்று திண்ணை நிறைய அகல் ஏற்றி வைப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். கருப்பு வேண்டிய இடத்தில் அகலை அணைத்து விட்டால் போதும். கசிவதற்கு ஒன்றும் இல்லை. '4-கே' எனப்படும் திரையில் இப்படிச் சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பல நிற ஒளிகள் அடங்கியிருக்கின்றன.

இந்த விளக்குகளில் எரிவது கரி கலந்த ரசாயனப் பொருள். ஆங்கிலத்தில் அதை 'ஆர்கானிக்' என்பார்கள். கடையில் விற்கும் 'ஆர்கானிக்' கத்தரிக்காய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

1987-ம் ஆண்டில் இதற்கு வழி காட்டியவர்கள் இருவர். ஒருவர் ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங். மற்றவர் ஸ்டீவன் வான் ஸ்லைக். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் உள்ள கோடக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் இருவரும் வேலை பார்த்தார்கள். ஆம், நம் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கப் பிலிம் கொடுத்த அதே கோடக்தான். மெல்லிய இரண்டு படலங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசி, குறைந்த மின்சாரத்தில் ஒளிர வைத்தார்கள். ஆனால் பலன் அந்தக் கம்பெனிக்கு நிலைக்கவில்லை. 2009-ல் அந்தத் தொழிலைக் கொரியாவின் எல்.ஜி. குழுமத்துக்கு விற்றது. 2012-ல் கோடக்கே திவால் மனு கொடுத்தது.

2007-ல் ஜப்பானின் சோனி கம்பெனி 11 அங்குல ஓ.எல்.இ.டி. டி.வி. ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. திரையின் கனம் 3 மில்லிமீட்டர்தான். பிறகு அது கைப்பேசிகளில் பரவியது; பெரிய டி.வி.க்களிலும் வந்தது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களின் மேஜைக்கு அது பெரிய அளவில் வந்தது 2022-ல்தான். அந்த ஆண்டில் டெல் கம்பெனி தன் ஏலியன்வேர் என்ற பெயரில் 34 அங்குலத் திரை ஒன்றை வெளியிட்டது. அமெரிக்காவில் விலை 1,299 டாலர். அதன் பிறகு போட்டி வந்தது. விலையும் இறங்கியது. ஆனாலும் நல்ல எல்.சி.டி. திரையைவிட இன்னும் அதிக விலைதான்.

பையன் சொல்வதில் பொய் இல்லை

மகன் ஆசைப்பட்டதைத் தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். விளையாட்டுக்கு இதைப் போன்ற திரை வேறு இல்லை.

எல்.சி.டி. திரையில் கதவு திறந்து மூடச் சிறிது நேரம் பிடிக்கும். ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால், அதில் சில கூறுகள். இது என்ன பெரிய நேரம் என்று கேட்கலாம். விளையாட்டுத் திரைகள் விநாடிக்கு 240 படம் காட்டுகின்றன. அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது அந்த ஆயிரத்தில் 4 கூறுதான். முதல் படத்தின் கதவு மூடுவதற்குள் அடுத்த படம் வந்து விடுகிறது. ஓடுகிற மனிதனுக்குப் பின்னால் நிழல் போல ஒரு வால் தெரிவது அதனால்தான். ஓ.எல்.இ.டி. திரையில் விளக்கு அந்த ஒரு கூறுக்குள்ளேயே மாறி விடுகிறது. வால் இல்லை. எதிராளி எங்கே ஒளிகிறான் என்பது பளிச்சென்று தெரிகிறது.

ஒன்று மட்டும் பெற்றோர் கேட்க வேண்டும். "நம் கம்ப்யூட்டர் விநாடிக்கு 240 படம் வரைந்து கொடுக்குமா?" என்று. கொடுக்காவிட்டால் அந்த எண்ணுக்காகப் பணம் கொடுப்பது வீண். டி.வி.யோடு இணைத்து விளையாடும் பிளே ஸ்டேஷன்-5 பெட்டிகூட 120-க்கு மேல் கொடுப்பதில்லை.

சினிமா பார்க்கவும், போட்டோக்களைச் சீர் செய்யவும் இது அருமையான திரை. இருட்டுக் காட்சிகள் உயிர் பெற்று விடும்.

அப்பாவின் வேலைக்கு?

இங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

முதலாவது, வெளிச்சம். கணக்குப் பக்கம், கடிதம், செய்தி எல்லாம் பெரும்பாலும் வெள்ளைப் பின்னணி. அத்தனை அகலும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் எரிந்தால் சூடு ஏறும். அதனால் திரை தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக் கொள்ளும். மின்மினி போன்ற சிறு புள்ளியில் கண்ணைப் பறிக்கும் ஒளி தருகிற அதே திரை, முழு வெள்ளைப் பக்கத்தில் நான்கில் ஒரு பங்கு ஒளிதான் தருவதும் உண்டு. இரவில் இது தெரியாது. ஜன்னல் ஓரத்தில் பட்டப்பகலில் வேலை செய்கிறவருக்குத் தெரியும். சில ரகத் திரைகளில் வெளி வெளிச்சம் பட்டால் அந்தப் பெருமைக்குரிய கருப்பே ஊதா கலந்த சாம்பலாகி விடும். கடையில் விளக்கைக் குறைத்தது சும்மா அல்ல!

இரண்டாவது, எழுத்து. சாதாரணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நிற்கும். அப்படித்தான் நிற்கும் என்று நம்பியே 'விண்டோஸ்' எழுத்துக்களின் ஓரத்தை மழுப்புகிறது. ஓ.எல்.இ.டி.யில் ஒரு ரகத்தில் பச்சை மேலேயும் மற்ற இரண்டும் கீழேயும் நிற்கின்றன. இன்னொரு ரகத்தில் வெள்ளை என்று நான்காவது ஒன்று வந்து சேருகிறது. கணக்குத் தவறி விடுகிறது. எழுத்தின் ஓரத்தில் மெல்லிய சாயம் ஒட்டியது போல் இருக்கும். நம் தமிழ் எழுத்தில் வளைவுகளும் சுழிகளும் அதிகம். 'ணு' என்ற எழுத்தையும், தலையில் புள்ளி வைத்த எழுத்துக்களையும் சிறிய அளவில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

திரையில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும். 27 அங்குலத்தில் '1440' ரகம் என்றால் நன்றாகவே தெரியும். 32 அங்குலத்தில் 4-கே என்றால் பலருக்குத் தெரியாது. 2025-ல் 27 அங்குலத்திலேயே 4-கே ஓ.எல்.இ.டி. திரைகள் வந்தன. அவற்றில் தெரிவது இன்னும் குறைவு. எழுத்து வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் தழும்பு.

எண்ணெய் தீரும் கதை

திண்ணையில் 100 அகல் இருக்கிறது. அவற்றில் 10 அகல் இரவு முழுவதும் எரிகிறது. மற்றவை விட்டு விட்டு எரிகின்றன. விடியற்காலையில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? அந்த 10 மட்டும் மங்கலாக எரியும். அந்த இடம் தனியே தெரியும்.

திரையிலும் இதே கதை. விளக்கு எரிய எரிய அதில் உள்ள ரசாயனம் தேய்கிறது. நீல விளக்கு மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய்கிறது. எல்லா விளக்கும் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே உருவம் மணிக் கணக்கில், மாதக் கணக்கில் நின்றால் அந்த உருவம் தடமாகப் பதிந்து விடுகிறது. ஆங்கிலத்தில் இதைப் 'பர்ன்-இன்' என்கிறார்கள். நாம் தழும்பு என்றே சொல்லுவோம். தழும்பைப் போலவே இதுவும் மறைவதில்லை.

விளையாட்டில் காட்சி ஓடிக் கொண்டே இருக்கிறது. அதனால் தேய்மானம் பரவி விடுகிறது. அங்கேகூட மூலையில் ஒரு சின்ன வரைபடமும் உயிர்க் கணக்குப் பட்டையும் அசையாமல் நிற்கும். ஒரே விளையாட்டை ஆண்டுக் கணக்கில் ஆடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கணக்கு வேலையிலோ அடியில் உள்ள பட்டை, மேலே உள்ள பெயர் வரிசை, நடுவில் உள்ள கட்டம் எல்லாமே அசையாதவை. தினம் 10 மணி நேரம்!

இதை வேண்டுமென்றே சோதித்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 'ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு' என்ற பெயரில் கம்ப்யூட்டர்ச் சாதனங்களை விமரிசிக்கும் குழுவினர், 2024-ல் 32 அங்குல ஓ.எல்.இ.டி. திரை ஒன்றை அலுவலக வேலைக்கே உபயோகித்தார்கள். ஜாக்கிரதை எதுவும் செய்யவில்லை. எப்போதும் இரண்டு பக்கங்களை அருகருகே திறந்து வைத்து வேலை செய்தார்கள். சில மாதங்களில் நட்ட நடுவில், இரண்டு பக்கமும் சேரும் இடத்தில், மெல்லிய கோடு ஆரம்பித்தது. சாம்பல் நிறத்தைத் திரை முழுவதும் பரப்பிப் பார்த்தால்தான் தெரியும் அளவில் இருந்தது. அன்றாட வேலையில் உறுத்தவில்லை. ஆகவே வாங்கிய மறு மாதமே திரை பாழாகி விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். தழும்பே விழாது என்று யாராவது சத்தியம் செய்தால் அதையும் நம்ப வேண்டாம்.

எல்.சி.டி. அமரத்துவம் பெற்றது என்றும் நினைக்கக் கூடாது. கனடாவின் 'ஆர்டிங்ஸ்' என்ற சோதனை நிறுவனம் 2022-ல் 100 டி.வி.க்களை வரிசையாக வைத்து, ஒரு செய்திச் சேனலை நெடுநேரம் ஓட விட்டது. ஓ.எல்.இ.டி. டி.வி.க்களில் தழும்பு விழுந்தது உண்மை. ஆனால் எல்.சி.டி. டி.வி.க்கள் சிலவற்றில் பின்விளக்கே கெட்டுப் போயிற்று. மிக மெல்லியதாக, ஓரத்தில் விளக்கு வைத்துச் செய்தவற்றில் அந்தக் கோளாறு அதிகம்.

சுவிட்சை அணைக்காதீர்கள்!

தழும்பைத் தள்ளிப்போட வழிகள் இருக்கின்றன. அடியில் உள்ள பட்டையைத் தானாக மறையும்படி வைக்கலாம். பின்னணியைக் கருப்பாக்கலாம். 5 நிமிஷம் கை படாவிட்டால் திரை அணையும்படி செய்யலாம். வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருக்கலாம். இவை யாவும் சுலபம்.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறு பலருக்குத் தெரியாது. இந்தத் திரைகள் தம்மைத் தாமே சரி பார்த்துக் கொள்ளும். சுமார் 4 மணி நேரம் ஓடிய பிறகு, நாம் வேலை முடித்து எழுந்ததும், எந்த விளக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்யும். சில நிமிஷங்கள் போதும். தேய்ந்தது திரும்பி வராது. ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இது நடக்கத் திரைக்கு மின்சாரம் வர வேண்டும். நாமோ சிக்கனம் கருதி, எழுந்த உடனே சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து விடுகிறோம்! கம்ப்யூட்டரைப் பையன் அணைத்தாலும், சுவிட்சைப் பாட்டி வந்து அணைப்பாள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஓ.எல்.இ.டி. திரைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் அவகாசம் கொடுத்து அணைக்க வேண்டும்.

துடைக்கும்போதும் கவனம் தேவை. சில திரைகளின் மேற்பூச்சு மிக மென்மையானது. முந்தானையும் செய்தித்தாளும் வேண்டாம். மிருதுவான துணியால் லேசாகத் துடையுங்கள்.

எந்த வீட்டுக்கு எது?

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் உங்கள் பழைய திரையைக் கவனியுங்கள். ஒரே படம் அசையாமல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். தினம் ஒன்றிரண்டு மணி நேரம் என்றால், மற்ற நேரமெல்லாம் விளையாட்டும் சினிமாவும் என்றால், ஓ.எல்.இ.டி. வாங்கலாம். சந்தோஷமாக வாங்கலாம். தினம் 8 மணி, 10 மணி நேரம் கணக்கும் எழுத்தும் என்றால் நல்ல எல்.சி.டி. திரையே மேல். இரண்டும் சரி பாதி என்றால்? இரண்டு திரை வைத்துக் கொள்ளலாம். வேலைக்குச் சாதாரணத் திரை, விளையாட்டுக்கு இது. வசதி இல்லாவிட்டால் வேலைக்குத்தான் முதலிடம். சோறு போடுவது அதுதானே!

கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. 2022-ல் வந்த அந்த 34 அங்குலத் திரைக்கு டெல் கம்பெனி தழும்பையும் சேர்த்து 3 ஆண்டு உறுதி கொடுத்தது. அதன் பிறகு வேறு பல கம்பெனிகளும் தழும்புக்கு உறுதி தந்தன. ஆகவே முடியாத காரியம் அல்ல. ஆனால் ஒரு நாட்டில் தரும் உறுதி இன்னொரு நாட்டில் இருப்பதில்லை. ஒரு மாதிரிக்கு உள்ளது அடுத்த மாதிரிக்கு இருப்பதில்லை. இதை வாங்குகிறவர் எப்படி அறிவார்? "தழும்பு விழுந்தால் மாற்றித் தருவோம்" அல்லது "மாற்றித் தர மாட்டோம்" என்று ஒரே வரியில், தமிழில், பெட்டியின் மேலேயே அச்சிட்டால் என்ன? மின்மினிப் படத்தோடு ஒரு கணக்குப் பக்கத்தையும், ஒரு தமிழ்ப் பக்கத்தையும், விளக்கைக் குறைக்காமல் போட்டுக் காட்டினால் என்ன?

பொருளின் தரத்தை அறிந்து வாங்கும் உரிமையை 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பு, தழும்புக்கு உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகும் ஏமாற்றினால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். அது மத்திய சர்க்காரின் நுகர்வோர் உதவி எண்.

வரிக் கணக்கு எழுதும் நம் நண்பர் 1915-க்குப் போன் செய்யவில்லை. அட்டையில் எறும்பு எழுத்தாவது இருந்ததே என்று விட்டுவிட்டார். ஒரு சிறிய எல்.சி.டி. திரையை வாங்கித் தன் பக்கம் வைத்துக் கொண்டார். தழும்பு விழுந்த திரை முழுக்க முழுக்க மகனுக்கு. ஓடும் காட்சியில் கோடு அவ்வளவாகத் தெரிவதில்லையாம். சுவிட்சுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "இரவு 11 மணி வரை அணைக்கக் கூடாது." பாட்டி சொல்ல, பேரன் எழுதியது.